மூத்தவர் முதலில்

பிப்ரவரி 3

திசுப் பொருத்தம் பார்க்கும் எங்கள் ஆய்வகத்தில் அறிவியலுக்கு இரண்டாம் இடம்தான். முதல் இடம் மரியாதைக்கு. சிறுநீரகம் கொடுக்க ஒரு குடும்பத்தில் மூன்று பேர் முன்வந்தால், மூத்தவர் முதலில். அவருக்கு எல்லாச் சோதனையும் முடிந்து, பொருந்தவில்லை என்றால்தான் அடுத்தவரைக் கூப்பிடுவோம். ஏன்? எப்போதும் அப்படித்தானாம். எங்கள் தலைமை மேடத்துக்கு இந்த நோட்டில் மட்டும் ‘பூட்டு’ என்று பெயர். ஃபிரிட்ஜையும் பூட்டுவார், அடுத்தவர் வாயையும் பூட்டுவார்.

பிப்ரவரி 11

பஸ் டிரைவர் ஒருவர், டயாலிசிஸில் இருக்கிறார். கையில் ஊசி ஏற்ற நரம்பு கிடைப்பதே பாடாகிவிட்டதாம். சீக்கிரம் மாற்றியாக வேண்டும். ரத்தப் பிரிவு ஒத்துப்போகிறவர்கள் மூவர்: அண்ணன், அக்கா, மனைவி. அண்ணன் போனில் முழங்குகிறார்: “என் தம்பிக்கு நான் இருக்கேன்! வேற யாரையும் தொடாதீங்க!” சோதனைக்கு ரத்தம் கொடுக்கத்தான் வரவில்லை. போன வாரம் காய்ச்சல். இந்த வாரம் வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்.

பிப்ரவரி 17

அண்ணனுக்கு முதுகுப் பிடிப்பு.

மனைவி ஜன்னலில் வந்து நின்றார். “என்னுதை எடுத்துப் பாருங்களேன்.” கவுண்டர்க்காரர், “நீங்க கடைசிம்மா. ரத்த சொந்தம் இல்லையே” என்றார். எனக்கு வந்த கோபம் — அந்த மனுஷன் முதுகு சரியாகுற வரைக்கும் தம்பி நரம்பு காத்துக்கிட்டிருக்குமா?

பிப்ரவரி 18

பூட்டிடம் போய்ச் சொன்னேன்: எல்லோரிடமும் ஒரே நாளில் ரத்தம் எடுப்போம். நோயாளியின் ரத்தத்திலிருந்து பிரித்த தெளிநீரை, அதாவது சீரத்தை, எல்லோருடைய செல்களோடும் ஒரே தட்டில் சேர்த்துப் பார்ப்போம். யாருடைய செல்களை அது தாக்கவில்லையோ, அவர்களுக்கு மட்டும் மிச்சச் சோதனை.

“போய் வேலையைப் பாரு.”

பிப்ரவரி 20

பொய் சொன்னேன். வெட்கமே இல்லை.

“மேடம், போன வருஷம் நீங்க ஒரு யோசனை சொன்னீங்களே, எல்லாரையும் ஒரே தட்டுல பார்க்கலாம்னு. அதை ஏன் விட்டுட்டீங்க?”

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“சொன்னேன்தான். இங்க யாரு காது கொடுத்துக் கேட்டீங்க?”

கழிப்பறைக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 24

அக்காவும் மனைவியும் வந்து ரத்தம் கொடுத்தார்கள். அண்ணனுக்குப் பல்வலி.

மைக்ரோஸ்கோப்பில் உயிருள்ள செல் பச்சையாகத் தெரியும், செத்தது சிவப்பு. தட்டில் அக்காவின் செல்கள் இருந்த குழியில் ஒரே சிவப்பு. தம்பியின் சீரம் கூடப் பிறந்தவளையே அடிக்கிறது. மனைவியின் குழிக்கு நகர்த்தினேன் — பச்சை. நம்பாமல் இன்னொரு தரம் பார்த்தேன். பூட்டைக் கூப்பிட்டேன். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

“எப்படி என் யோசனை?”

மார்ச் 2

மனைவிக்கு மிச்சச் சோதனைகளும் நன்றாக வந்துவிட்டன. டாக்டர் சொன்னது போதாமல் ஜன்னலுக்கு வந்தார். “நிஜமாவாம்மா? வீட்ல நான் வாயைத் தொறந்தாலே சண்டைக்கு வருவாரு. அவரு ரத்தம் மட்டும் எப்படி சும்மா இருந்துச்சு?”

மதியம் அண்ணன், சட்டைக் கையை மடித்துக்கொண்டே: “மூத்தவன் நான் குத்துக்கல்லாட்டம் இருக்கேன். என்னைக் கேக்காம எப்படி முடிவு பண்ணுனீங்க?”

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலைண்ணா. உட்காருங்க, எடுத்துடலாம்.”

மடித்த கை மளமளவென்று இறங்கியது. “இல்ல... அவ ஆசைப்படுறா. அவளே கொடுக்கட்டும்.”

படியிறங்கும்போது அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பயம்தான், பாவம். பயப்படுவது குற்றமா? அதை முதல் நாளே சொல்ல விடாதது எது — அந்த ‘மூத்தவர்’ பட்டமா?

மார்ச் 30

ஆபரேஷன் முடிந்தது. இருவரும் நலம். ‘நான் கொண்டுவந்த புது முறை’ பற்றிப் பூட்டு கூட்டத்தில் பேசினார். முதலில் கைதட்டியது நான்.

நவம்பர் 12

காலையில் ஏறிய பஸ்ஸில் டிரைவர் மாஸ்க் போட்டிருந்தார். அவருக்குப் பின்சீட்டில் — அந்த மனைவி!

“மெதுவா போங்க.”

“ஓட்டுறது நானா, நீயா?”

“உள்ள இருக்கிறது என்னுது. நான் சொல்லத்தான் செய்வேன்.” என் பக்கம் திரும்பினார். மாஸ்க்கும் தொப்பியும் இல்லாத என்னை அடையாளம் தெரியவில்லை. “நீங்களே சொல்லுங்கம்மா, நான் சொல்றது தப்பா?”

சிரிப்பை மறைக்கக் கையிலிருந்த புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன். நான் இறங்க வேண்டிய ஸ்டாப் எப்போதோ போய்விட்டிருந்தது.