கரிக்காத தண்ணீர்

என் பிரியத்துக்குரிய மச்சான் இசக்கிக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகிவிட்டது. கமுதிப் பக்கம் நாம் இரண்டு பேரும் நின்று கான்கிரீட் போட்ட சோலார் பிளாண்ட் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் டிரான்ஸ்பார்மர் உட்கார்ந்திருக்கும் அடித்தளம் வெடித்துவிட்டது மச்சான். வெடிப்பு வழியே துரு வழிகிறது. உள்ளே கம்பி அரிக்கிறது என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

என்னைத்தான் உனக்குத் தெரியுமே. வீட்டைப் பூட்டிவிட்டு நாலு தடவை இழுத்துப் பார்க்கிறவன். முதலில் கம்பி கொடுத்தவனைச் சந்தேகப்பட்டேன், அடுத்து சிமெண்டை. அப்புறம் டேங்கர் டிரைவர் சேதுவை ஓரங்கட்டி, "ஏலே, எந்தக் கிணத்துத் தண்ணிய ஊத்துன?" என்று சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன்.

"எப்பயும் எடுக்குற கிணறுதாண்ணே. நீங்கதான குடிச்சுப் பாத்து எறக்கச் சொன்னீக?" என்றான்.

வாஸ்தவம்தான். லேப் டெஸ்ட் முதல் லோடுக்கு மட்டும். மற்ற டேங்கர்களை ஒரு மடக்குக் குடித்துப் பார்த்து இறக்குவதுதானே நம் சைட் வழக்கம்? அந்த அடித்தளம் போட்ட அன்றைக்கு நீயும் குடித்தாய். "ஏல, உப்புக் கரிக்குதுல. திருப்பி அனுப்பு" என்றாய். எனக்கோ இனித்தது. உடனே என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? சேதுவுக்குப் போட்டியான வேறு டேங்கர்காரன் எவனோ காசு கொடுத்து உன்னைக் கவனித்துவிட்டான் என்று நினைத்தேன். நினைத்ததோடு விட்டேனா? முகத்துக்கு நேரே கேட்டும் தொலைத்தேன். நீ ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போனாய். தண்ணீரை இறக்கச் சொல்லி ரெஜிஸ்டரில் நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு நீ என்னிடம் பேசியதெல்லாம் வேலைப் பேச்சுதான்.

போன வாரம் உன் திவசத்துக்கு அம்பாசமுத்திரம் போயிருந்தேன். உன் வீட்டுக்காரி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். "என்ன தங்கச்சி, தண்ணி சப்புன்னு இருக்கு?" என்றேன்.

"இது ஆத்துத் தண்ணிண்ணே. அவிய சொல்லுவாவ, உங்க ஊர்க்காரவியளுக்கு உப்புக் கரிச்சாத்தான் தண்ணியாம்" என்று லேசாகச் சிரித்தாள்.

செம்பைக் கீழே வைத்துவிட்டேன். பிறந்ததிலிருந்து உவர்க் கிணற்றைக் குடித்து வளர்ந்தவன் நான். திரும்பி வந்ததும் சேதுவின் கிணற்றுத் தண்ணீரை லேபில் கொடுத்தேன். உப்பு அளவுக்கு மேல். முதல் டெஸ்டுக்குப் பிறகு கிணறு வற்ற வற்ற உப்பு ஏறி, அதுதான் கம்பியை அரித்திருக்கிறது. அட பாவி! ஊரையே சந்தேகப்பட்டவன், என் நாக்கை மட்டும் ஒரு நாளும் சந்தேகப்படவில்லையே.

அடித்தளம் வெடித்தது பற்றி நாளைக்கு விசாரணைக்கு வருகிறார்கள். இன்று காலை மேனேஜர் கூப்பிட்டு, "ரெஜிஸ்டர்ல அந்தப் பக்கம் மழையில நனைஞ்சு போச்சு. தண்ணியப் பாத்தது இசக்கின்னு எழுதிக் குடுத்துருங்க. செத்தவரு வந்து கேக்கவா போறாரு?" என்றார். ரெஜிஸ்டரைப் பூட்டி வைத்திருந்த பீரோவுக்குள் எந்த மழை பெய்ததோ!

ஒரு நிமிஷம் யோசித்தேன் மச்சான், உன்னிடம் மறைக்க மாட்டேன். எனக்கு வேலை போய்விடும். மகள் காலேஜில் இருக்கிறாள். ஆனால் உன் பேரை இன்னொரு தடவை நான் கெடுப்பதா?

நாளைக்கு என் கைப்பட எழுதிக் கொடுக்கிறேன்: இசக்கி வேண்டாம் என்றார், இறக்கச் சொன்னது நான். அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு நீ பதிலே சொல்லவில்லை. இனிச் சொல்லவும் வேண்டாம்.

உன்னைச் சந்தேகப்பட்ட மச்சான்,
கருப்பையா