இரவல் கோட்டில் ஒரு முதலாளி

லாயாங் லாயாங் தோட்டம், மலாயா,
1936 மே 17.

அன்பு மகன் சதாசிவத்துக்கு அப்பா அய்யாவு ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மா வெள்ளையம்மாவும் தங்கை செல்லமும் சுகம், மழையும் அட்டைகளும் எங்களைவிடச் சுகம். அங்கே உன் சுகத்தை எழுதவும், அப்படியே உன் புதிய அப்பாவான ரப்பர் தோட்ட முதலாளியின் சுகத்தையும் ஒரு வரி எழுதவும். அப்படி ஒருவர் இருப்பதே எனக்குப் போன செவ்வாய்க்கிழமைதான் தெரியும், என்னைவிட வசதியானவர் என்று கேள்விப்பட்டுச் சந்தோஷம்.

அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன், சிரிக்காமல் படி. வழக்கம்போல் ஸ்டேஷனில் தபால் பையை வாங்கித் தோளில் போட்டு நாலு மைல் நடந்து ஆபீஸ் மேசையில் இறக்கினேன். ஆபீஸ் கணக்கு எழுதும் கிராணி கனகராஜ் பையைப் பிரித்துக்கொண்டே வந்தவர் ஒரு நீள உறையை எடுத்து என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். கடல் தாண்டி ஊர்நாட்டில் நீ படிக்கும் கல்லூரியின் முத்திரை, என் பெயர் இங்கிலீஷில். இருபது வருஷமாக ஊர்க் கடிதமெல்லாம் சுமக்கிற எனக்கு இங்கிலீஷில் கடிதம் வந்தது அதுதான் முதல் தடவை. உனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து, சீக்கிரம் படியுங்கள் என்று கிராணியை அவசரப்படுத்தினேன். கிராணி படித்தார், பாதியில் விழுந்து விழுந்து சிரித்தார், பிறகு எழுந்து தன் நாற்காலியை எனக்குத் துடைத்துப் போட்டார். உறையின் மேல் "அய்யாவு எஸ்கொயர், ரப்பர் தோட்ட முதலாளி" என்று இருக்கிறதாம். எஸ்கொயர் என்பது பெரிய மனிதர்கள் பெயருக்குப் பின்னால் வெள்ளைக்காரர்கள் கட்டிவிடும் வால் என்று விளக்கமும் சொன்னார். சத்தம் கேட்டுத் துரையே அறையை விட்டு வந்து கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அய்யாவு, இது உன் தோட்டமா? அப்ப நாளைக்குப் பெரட்டுக்கு நான் எத்தனை மணிக்கு வரணும்?" என்று அவருடைய தமிழில் கேட்டார். ஆளெண்ண விடிகாலை ஐந்தரைக்கு வந்தால் போதும் என்று சொல்ல நாக்கு வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அன்று சாயங்காலத்துக்குள் லயத்து வரிசை வீடுகள் முழுக்க எனக்கு முதலாளி என்றே பெயராகிவிட்டது. மறுநாள் காலையில் உன் அம்மா ரப்பர் பால்வாளியைக் கையில் எடுத்துக்கொண்டு, "முதலாளி பொஞ்சாதி பால்மரம் வெட்டப் போலாமா, இல்ல பங்களாவுல படுத்துக்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். கேட்கும்போது சிரித்தாள், திரும்பி நடக்கும்போது சிரிக்கவில்லை.

உறைக்குள்ளே இரண்டு காகிதம். ஒன்றில் கல்லூரி விடுதிக்குப் புதிதாகச் சாப்பாட்டுக் கூடம் கட்டுகிறார்களாம், தங்களைப் போன்ற தாராள மனமுள்ள மலாயா முதலாளிகள் நன்கொடை கொடுத்தால் பெயரைக் கல்லில் வெட்டிப் பதிப்பார்களாம். இரண்டாவது காகிதம்தான் வினை. ஏழை மாணவர்களுக்கான கட்டணச் சலுகையில் உன் பெயர் எப்படி வந்தது என்று தெரியவில்லையாம், விடுதிப் பதிவில் நீயே உன் கையால் தகப்பன் தொழில் ரப்பர் தோட்ட முதலாளி என்று எழுதியிருப்பதால் சலுகையை நிறுத்தியிருக்கிறார்களாம். அது தவறு என்றால், தகப்பன் என்ன வேலை செய்கிறான் என்று வேலை கொடுத்தவர் கையெழுத்துப் போட்ட சான்று ஜூலை முதல் தேதிக்குள் மாணவனே நேரில் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், இல்லாவிட்டால் முழுக் கட்டணம் கட்டவேண்டும், கட்டாவிட்டால் பெயர் நீக்கம். அப்போதுதான் உன் போன கடிதம் எனக்கு விளங்கியது. படிப்பு போதும் அப்பா, பி.ஏ. முடித்து என்ன ஆகப்போகிறது, இங்கேயே திரும்பி வந்து பக்கத்துப் பாலோவில் ஏதாவது தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கிறேன் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்து நான் குழம்பிப்போய் உனக்குக் காய்ச்சலோ என்று பயந்தேன். இது வேறு காய்ச்சல். தபால்காரன் மகனாகப் பி.ஏ. ஆவதைவிட முதலாளி மகனாக ஓடிவருவது கௌரவம் என்று கணக்குப் போட்டிருக்கிறாய், இங்கிலீஷ் படித்த மூளை என்பது இதுதான் போலிருக்கிறது. இன்னும் ஒரே ஒரு வருஷம்தான் பாக்கி என்பது அந்தக் கணக்கில் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

எனக்கு வலித்தது சதாசிவம். அதை எழுதுவதில் வெட்கமில்லை. இரண்டு நாள் உன் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் செல்லம் சுவரில் மாட்டியிருந்த அந்தப் படத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள், அதைப் பார்த்ததும் என் கோபத்தில் பாதி என் பக்கமே திரும்பிவிட்டது. நீ கப்பலேறுவதற்கு முன்னால் குளுவாங்கில் சீனர் படக்கடையில் எடுத்தோமே, அதே படம்தான். கோட்டு கிராணியுடையது, தொப்பி அவர் மச்சானுடையது, கைக்கடிகாரம் படக்கடைக்காரனுடையது, ஓடவே ஓடாது. பின்னால் திரையில் பங்களாவும் ரோஜாத் தோட்டமும் அவன் வரைந்து வைத்தது. இந்த நாட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் இரவல் கோட்டில் படம் எடுத்து ஊருக்கு அனுப்புகிறார்கள், நானும் காலை விரித்து உட்கார்ந்து மீசையை முறுக்கி எடுத்து உன்னிடம் ஒன்றைக் கொடுத்துவிட்டேன். அதை நீ விடுதியில் மாட்டினாய். பார்த்தவர்கள் மலாயாவா, ரப்பர் தோட்டமா என்று கேட்டிருப்பார்கள், நீ ஆமாம் என்றிருப்பாய், தோட்டத்தில் பிறந்தவன்தானே, அதில் பொய் இல்லை. மீதியை அந்தப் பங்களா பேசியிருக்கும். பிறகு பதிவில் எழுதும்போது கை நிற்கவில்லை. முதல் வருஷம் நீ எழுதியது எனக்கு மறக்கவில்லை. எந்த ஊர், எந்தத் தெரு, யார் வகை என்று கேட்டு உன்னைக் கிணற்றடித் தாழ்வாரத்துப் பந்தியில் உட்காரவைத்தார்கள் என்று எழுதினாய். பிறகு ஒரு கடிதத்தில் இப்போது உள்பந்தியில் சாப்பிடுகிறேன் என்று எழுதினாய், நானும் ஊர் திருந்திவிட்டது என்று லயத்தில் நாலு பேரிடம் பெருமை பேசினேன். ஊர் திருந்தவில்லை, என் கோட்டுக்குத்தான் உள்ளே இலை போட்டிருக்கிறார்கள். மகாகனம் பொருந்திய கிராணி கோட்டு. அதைத் துவைத்துத் திருப்பிக் கொடுத்து மூன்று வருஷமாகிறது, அது இங்கே ஆணியில் தொங்கிக்கொண்டே அங்கே மூன்று வேளை சாப்பிட்டிருக்கிறது.

ஆகவே பொய்யில் பாதி என்னுடையது, என் பங்கை நான் தீர்த்துவிட்டேன். முந்தாநாள் துரையிடம் போய்ச் சான்று கேட்டேன். கிராணி ஐயா நல்ல மனிதர், இப்போது சிரிப்பு அடங்கிவிட்டது, "ஆபீஸ் உதவியாளர்னு போட்டுடவா அய்யாவு, பையன் தலை நிமிர்ந்து நிப்பான்ல" என்று என் காதோரம் கேட்டார். வேண்டாம், உள்ளதை உள்ளபடி டைப் அடியுங்கள் என்றேன். தபால் பை சுமப்பவர், இருபது வருஷம், ஒரு கடிதமும் தவறியதில்லை என்று அடித்தார், துரை கையெழுத்துப் போட்டார், ஒரு கடிதமும் தவறியதில்லை என்ற கடைசி வரி துரையே சொல்லிச் சேர்த்தது என்று கிராணி பிறகு சொன்னார். சம்பளத்தையும் போட்டிருக்கிறது, அதைப் பார்த்தபிறகு உங்கள் கல்லூரி என்னிடம் நன்கொடை கேட்காது என்று நம்புகிறேன். பிறகு நானும் உன் அம்மாவும் மறுபடி குளுவாங் போனோம். அதே சீனர் பங்களாத் திரையை இழுத்துவிட வந்தார், வேண்டாம் என்று வெறும் சுவருக்கு முன்னால் நின்றோம். நான் காக்கிச் சட்டையும் தபால் பையுமாக, அவள் பால் கறை படிந்த வேலைச் சேலையோடு. கட்டிவந்த நல்ல சேலையைக் கடைக்குப் பின்னால் போய் அவளே மாற்றிக்கொண்டு வந்தாள், நான் சொல்லவில்லை. படமும் சான்றும் இதோடு வருகின்றன. பழைய படத்தை அந்த ஆணியிலிருந்து இறக்கிவிட்டு இதை மாட்டு.

உள்பந்தியில் உன் இலை போகலாம், போகட்டும். கிணற்றடியில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் பரீட்சையில் அதே கேள்விதானே கேட்பார்கள். அங்கே இன்னும் யாராவது ஒரு பையன் உட்கார்ந்திருப்பான், உன்னைப் பார்த்தால் அவனுக்கும் சோறு இறங்கும். நன்கொடை கேட்டவர்களிடம் மரியாதையாக ஒன்று விசாரித்து எழுது, புதுக் கூடத்தில் பந்தி ஒன்றா இரண்டா என்று. ஒன்றுதான் என்றால் முதலாளி யோசிப்பார், கல்லில் பெயர்கூட வேண்டாம். இங்கே தோட்டத்துப் பள்ளிக்கூடம் நாலாம் வகுப்போடு முடிகிறது. செல்லம் நாலாவதில் இருக்கிறாள், அண்ணன் மாதிரி நானும் பட்டணத்துப் பள்ளிக்கூடம் போவேன் என்கிறாள், கங்காணி அவளைப் புல் வெட்டும் கணக்கில் சேர்க்கலாமா என்று இரண்டு தடவை கேட்டாகிவிட்டது. நீ பாதியில் வந்து நின்றால் மூன்றாவது தடவை கேட்கும்போது நான் என்ன பதில் சொல்வது என்று நீயே சொல்லிவிடு.

வயிற்றைப் பட்டினி போடாதே, வெயிலில் தலைக்குத் துணி போட்டுக்கொள். முருகன் உன் கூட இருப்பான், உன் அம்மா தினமும் உன் பெயரைச் சொல்லித்தான் விளக்கேற்றுகிறாள், நீ எல்லா நலமும் பெற்றுப் படிப்பை முடித்து வா. ஜூலை முதல் தேதியை மறக்காதே. சான்றை நானே கல்லூரிக்கு அனுப்பியிருக்கலாம், நீதான் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும் என்று அவர்கள் கேட்டதும் நல்லதற்குத்தான். இருபது வருஷமாகத் தினமும் ஸ்டேஷன் ஜன்னலில் நின்று என் பெயரையும் வேலையையும் உரக்கச் சொல்லித்தான் பையை வாங்குகிறேன், ஒரு நாளும் என் குரல் இறங்கியதில்லை. உனக்கு ஒரே ஒரு ஜன்னல், ஒரே ஒரு நாள்.

இப்படிக்கு,
உன் அப்பா,
அய்யாவு,
தோட்டத்துத் தபால்.