ஆரம்பக் கோட்டில் எலுமிச்சம்பழம்

மார்ச் 5, செவ்வாய்

கேகாலை லேனர்ஸ் பள்ளியில் இன்று கார் பழக வந்த ஐந்து பேருக்குக் கிளச் மிதிக்கச் சொல்லிக்கொடுத்தே தொண்டை வற்றிவிட்டது. நாள் முழுக்க "மெதுவா, மெதுவா" என்று கத்துகிறவளுக்கு வேகத்தின் மேல் இப்படி ஒரு பைத்தியம். யாரிடம் சொல்ல?

வீட்டுக்கு வந்தால் நல்ல செய்தி. ரப்பர் தோட்டத்து மலையேற்றக் கார் பந்தயத்துக்கு என் பெயரை எடுத்துக்கொண்டார்களாம். என் முதல் பந்தயம்.

என் வீட்டுக்காரர் முகம் சுண்டிப்போனது. யட்டியாந்தோட்டையில் கராஜ் வைத்திருக்கிற மனுசன். நான் ஓட்டப்போகிற பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் காருக்கு உயிர் கொடுத்ததே இவர்தான். "ஒரே ஒரு தடவ ஓடு. மொத மூணு பேருல வந்தா கார் நிக்கட்டும். இல்லேன்னா வித்துருவோம்" என்றார். சரி என்றேன். வேறு என்ன சொல்வது?

மார்ச் 12

"அந்த மல வளைவு வேணாம் புள்ள" என்று தினமும் இவர்; நான் கேட்கிறதாயில்லை. சோற்றுத் தட்டைக்கூட வேகமாக வைக்கக் கூடாதாம்.

மார்ச் 17, ஞாயிறு

இன்று பந்தயம்.

ஒத்திகையில் என் பிரிவில் நான் இரண்டாவது. பிறகு வானம் கறுத்தது, ஆளுக்கு ஒரே ஓட்டம் என்றார்கள். ஏற்றத்தில் கார் பின்னால் உருளாமல் சக்கரத்துக்குக் கட்டை வைக்க இவர்தான் நின்றார். எனக்கு முன்னால் போன நிரோஷனுக்கும் இவரேதான் வைத்தார்.

என் முறை. கோட்டின் குறுக்கே ஒரு லைட் கதிர் போகும். பச்சை விழுமுன் அதை வெட்டினால் ஓட்டம் ரத்து. இவர் சட்டென்று பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்து டயருக்கு முன்னால் வைத்தார். "நசுக்கிட்டு நில்லு, இல்லேன்னா கண்ணு படும்."

பஸ்ஸோ லொறியோ, இங்கே யார் பழம் நசுக்காமல் வண்டி எடுக்கிறார்கள்? யோசிக்காமல் கிளச்சை விட்டேன். பச்சைக்கு முன்பே கார் அந்த லைட்டையும் வெட்டிவிட்டது.

சிவப்புக் கொடி. "அனே நங்கி", ஐயோ தங்கச்சி என்று அதிகாரி தலையில் கை வைத்தார்.

"லைட்ட மறந்துட்டேன்மா" என்கிறார் இவர். திட்டவும் முடியவில்லை.

மார்ச் 19

நிரோஷன் போனில் ஆறுதல் சொன்னார். "எங்கிட்ட அண்ணே ரெண்டு தடவ சொன்னாரே அக்கா, அந்த லைட்ட தொட்டுறாதன்னு. ஒங்ககிட்ட சொல்லலையா?"

அப்போ இவருக்குத் தெரியும். தெரிஞ்சேதான் வச்சிருக்காரு.

மார்ச் 20

கேட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"ஆமா, தெரிஞ்சுதான். நீ அந்த வளைவுல போறத நின்னு பாக்கத் தைரியம் இல்ல புள்ள. சொன்னேன், நீ கேக்கல."

பயம்னா சாவிய ஒளிச்சு வச்சிருக்கலாம். கையப் புடிச்சு இழுத்திருக்கலாம். சாமி பேரால, எங் காலாலயே என்னக் கவுத்துட்டாரே — எப்புடி மனசு வந்துச்சு?

"கார வித்துக்கங்க. ஆனா நான் ஒரு பந்தயம் ஒழுங்கா ஓடி, மூணுக்குள்ள வராட்டி" என்றேன். தலையாட்டினார்.

மே 12, ஞாயிறு

இரத்தினபுரிப் பக்கம் ஒரு தோட்டத்துப் பாதை. கட்டை வைக்க, பள்ளியில் என்னோடு வேலை செய்யும் நூரியாவைக் கூட்டிப்போனேன். இவரும் வந்தார். பார்வையாளர் கயிற்றுக்கு அப்பால் நின்றார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலாவது.

உச்சியில் காரை விட்டு இறங்கினேன். பேசினபடி கார் போகவேண்டியதுதான். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்து அழுதேன். இவர் குறுக்குப் பாதையால் மூச்சிரைக்க ஏறி வந்தார். விற்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அடுத்த தடவ கட்டைய நான் வைக்கவா?" என்று கேட்டார்.

"பாக்கலாங்க" என்றேன்.