ஆறு விரல் விருந்தாளி

மார்ச் 3, திங்கள்

நாலு நாள் தங்கிப் போகிறேன் என்று வந்த நாத்தனாருக்கு இது மூன்றாவது மாதம். நான் வேலை செய்துவந்த பின்னறை அவர் படுக்கையறை ஆகிவிட்டது. பல் செட் செய்து பிழைக்கிற நான், மெழுகும் அச்சுமாகச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டேன். இன்று என் வீட்டுக்காரர் தம்ளர் என்று கையில் எடுத்தது யாரோ ஒருவருடைய கீழ்த்தாடை அச்சு.

"ரூமைக் கேட்டு வாங்குங்களேன்" என்றேன்.

"அக்காகிட்ட எப்படிடி சொல்றது?"

வாயில்லாப் பூச்சி.

மார்ச் 5

வழி பிறந்துவிட்டது! எனக்கு வேலை கொடுக்கும் ஒரே பல் டாக்டர், தன் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கிறாராம். அதுவரை அவர் நாயைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். நாத்தனாருக்கு நாய் என்றால் குலை நடுக்கம்.

"தாராளமா கொண்டாங்க சார்."

மார்ச் 6

இதுவா நாய்? பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு, நரி மூஞ்சி. லுண்டெஹுண்ட் என்று இனம் — சொல்வதற்குள் எனக்கே பல் ஆடிவிட்டது. காலுக்கு ஆறு விரல். தலையைப் பின்னால் வளைத்து முதுகைத் தொடுகிறது. வேண்டாத நேரத்தில் காதை மடித்து மூடிக்கொள்கிறது. வடக்கே குளிர்கடல் ஓரம், செங்குத்துப் பாறையில் ஏறி, குறுகலான பொந்தில் ஊர்ந்துபோய், பஃபின் என்ற கடற்பறவையைப் பிடித்துவர வளர்த்த இனமாம். அதற்குத்தான் அத்தனை விரலும் வளைவும்.

நாத்தனாரிடம் உப்புக் காரம் சேர்த்துச் சொன்னேன். "எந்தச் சந்துலயும் பூந்திடும் அண்ணி. அலமாரிக்குப் பின்னால, கட்டிலுக்கடியில... கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வந்திடும்."

வெளுத்துப் போனார். பெட்டியைத் தூசி தட்டும் சத்தம் கேட்டது. ஆகா.

மார்ச் 9

நாயா, திருடனா? சாக்ஸ், சோப்பு, பாதி ரொட்டி, எல்லாம் சோபாவுக்கடியில் பதுக்கல். அது நனைத்து வைக்கும் ஹால் மூலையை வேறு நான் துடைத்துக்கொண்டே இருக்கிறேன். நாத்தனார் உள்ளே தாழ் போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறார்.

மார்ச் 11

நாத்தனார் கதவை ஒருக்களித்து நின்று, ஒழுகும் குழாய், என் பொறுப்பில்லாத்தனம் என்று ஆரம்பித்தார். நாய் அவரையே பார்த்தபடி இரண்டு காதையும் மடித்து மூடியது. செத்தேன் என்று நினைத்தேன். சிரிக்கிறார்! கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார்.

"எங்க வீட்டுக்காரர் உசிரோட இருந்தவரைக்கும் நான் வாயைத் திறந்தா இதே கதைதான். இதாவது மூஞ்சிக்கு நேரா மூடுது."

இந்த இனம் நிறைய இருக்கா என்று கேட்டார். நோய் வந்து கூண்டோடு போய், மிஞ்சிய சிலதிலிருந்துதான் மறுபடி பெருகியதாம் என்றேன்.

"தனியா மிஞ்சுறது கஷ்டம்தான்" என்றார்.

தாழ் போடவில்லை. நாய் உள்ளே. சொந்தக் காசில் சூனியம்!

மார்ச் 13

மேல் செட்டைக் காணோம். நாளை மகள் கல்யாணத்தில் சிரிக்க வேண்டிய மனிதருடையது. சோபாவுக்கடியில் கிடைத்தது — முன்பல் இரண்டு போய். அதை வாங்கிப்போக டாக்டர் வேறு வருகிறார். அவர் கைவிட்டால் என் பிழைப்பு?

டாக்டர் கேட்டதும் நாத்தனார் முந்திக்கொண்டார். "நான்தான் சார் தெரியாம அதுமேல உக்காந்துட்டேன். அவளை ஒண்ணும் சொல்லாதீங்க."

டாக்டர் பதறினார். "உங்களுக்கு ஒண்ணும் ஆகலையேம்மா?"

காலைக்குள் சரிசெய்து தருகிறேன் என்றேன். முடிக்கும்வரை நாத்தனார் எதிரே உட்கார்ந்து, பொருந்தும் பல்லைத் தேடித் தேடி எடுத்துக் கொடுத்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

மார்ச் 17

டாக்டர் நாயைக் கூட்டிப் போய்விட்டார். "அதுவே போயிடுச்சு, எனக்கு இங்க என்ன வேலை?" என்று நாத்தனார் பெட்டியை இறக்கினார்.

இத்தனை நாள் இதற்குத்தானே காத்திருந்தேன்? பின்னே ஏன்டி அந்தப் பெட்டியையே பார்த்துட்டு நிக்கிறே? மெழுகு வேறு கருகிவிட்டது.

மார்ச் 19

தச்சர் வந்தார். ஹால் மூலையில் தடுப்புப் போட்டு எனக்கு ஒரு வேலை மேசை. அளந்துவிட்டு எட்டிப் பார்த்தார். "பின்னால ரூம் பெரிசா இருக்கே, அங்கயே போட்டுக்கலாமே?"

"அது எங்க அண்ணி ரூம்" என்றேன்.