மச்சானின் பச்சைக் கோடு

17.3.2024
மச்சானின் குட்டி விமானம் இன்றைக்கும் வேலிக்கருவை மரத்தின் மேல் போய் உட்கார்ந்தது. "முட்டையிடப் போயிருக்கு மச்சான், அவசரப்படாதீங்க" என்றேன். வீட்டுக்கு வந்ததும் சம்சாரம் சொர்ணவல்லி பிடித்துக்கொண்டாள். "எங்கண்ணன சீண்டாம ஒங்களுக்குச் சோறு எறங்காதா?"

மஸ்கட்டிலிருந்து அவர் ஆசையாகக் கொண்டுவந்தது அது ஒன்றுதான். "ரிமோட்டுதான் கோளாறு மாப்ள. நான் அசைக்காமலே றெக்கை ஆடுது" என்கிறார். றெக்கையை ஆட்டுவது உள்ளே இருக்கும் சின்ன மோட்டார். சர்வோ. அதற்கு ரிமோட் என்ன சொல்லி அனுப்புகிறது என்று யார் கண்டது?

18.3
நான் காண்கிறேன். பேத்தி போட்டுவிட்டுப் போன லேப்டாப் சும்மாதானே கிடக்கிறது.

2.4
விமானத்தில் சிக்னல் வாங்கும் பெட்டியிலிருந்து ஒயர் இழுத்து, ஒரு சின்ன போர்டில் கொடுத்து, லேப்டாப்பில் சொருகினேன். புரோகிராமை யூடியூப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினேன். ஆறாம் கிளாஸ் இங்கிலீஷ்! ஒரு புள்ளி விட்டுப்போனதுக்கு இம்புட்டுக் கோபமா அந்த மிசினுக்கு?

5.4
வந்துருச்சு! ரிமோட்டின் குச்சியைத் தள்ளினால் திரையில் பச்சைக் கோடு ஏறுகிறது. இழுத்தால் இறங்குகிறது. விட்டால் ஸ்கேல் வைத்துப் போட்டதுபோல் நேராக ஓடுகிறது. சொர்ணவல்லியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"இதுல சீரியல் வருமா?"

7.4
மச்சான் ரிமோட்டை வாங்கினார். கோடு நடுங்கியது. "பாத்தியா! நாந்தான் சொன்னேன்ல!"
நான் வாங்கிப் பிடித்தேன். நேராக ஓடியது. திரும்ப அவர். நடுக்கம்.
ஒயரைப் பிடுங்கி லேப்டாப்பை மூடினேன். கேலிக்கு ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. எனக்கா?

11.4
புதுக்கோட்டைக்குக் கூட்டிப்போனேன். "மூளையில இருந்து வர்ற நடுக்கங்க. மாத்திரையில கட்டுப்படுத்தலாம். முழுசாப் போகாது" என்றார் டாக்டர். திரும்பும்போது கீரமங்கலம் வரைக்கும் மச்சான் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

28.4
ஞாயிறு தவறாமல் வருகிறார். "ஒயர மாட்டு மாப்ள, கொறஞ்சிருக்கான்னு பாப்பம்." குறையவில்லை. போன வாரத்தைவிட அதிகம். எழுந்து போகும்போது வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டார்.
எதுக்குடா இந்தச் சனியனச் செஞ்ச என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

4.5
வேலையைக் காட்டிவிட்டேன். வருகிற அளவையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்துக் கோடு போடு என்று புரோகிராமில் சேர்த்துவிட்டேன். இனி எவன் கை நடுங்கினாலும் கோடு நடுங்காது.

5.5
பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். "நல்லாக் கொறஞ்சிருச்சு மாப்ள." அடுத்து, "வெமானத்த எடு. கம்மாய்க்குப் போவம்."
அய்யோ. இத நான் யோசிக்கலையே.
காய்ந்த கம்மாய்க்கு மேலே தள்ளாடித் தள்ளாடி ஒரு சுற்று வந்தது. ஒரே சுற்று. மூக்குக் குத்தி விழுந்தது. றெக்கை ரெண்டாகப் போச்சு.
"மச்சான், அந்தக் கோட்டுல நான் ஒரு வேலை..."
"தெரியும். கையில வாங்குன டீ பாதி வேட்டியில கெடக்கு, ஒன் கோடு மட்டும் ஆடல. ஒன் புத்தி எனக்குத் தெரியாதாக்கும்?"
"பெறகு ஏன் ஓட்டுனீங்க?"
"இம்புட்டுப் பாடுபட்டுப் பொய் சொல்லிருக்க. ஒருக்க நம்பிப் பாப்பமேன்னுதான்."

12.5
றெக்கையை ஒட்டி எடுத்துப்போனோம். ரிமோட்டை என்னிடம் நீட்டினார். "இடது... இடதுடா மாப்ள!" என்று கத்திக்கொண்டே பக்கத்தில் நின்றார், ரெண்டு கையையும் அக்குளில் இறுக்கிக்கொண்டு. விமானம் வேலிக்கருவை மேல் போய் உட்கார்ந்தது.
"முட்டையிடப் போயிருக்கு" என்றார்.