முப்பத்தேழாம் பக்கத்தில் உன் விரல்

இல்லை, அழிக்கவில்லை. அந்தப் பக்கம் இன்னும் இருக்கிறது. விரல் விழுந்த பக்கங்களை நீக்கிவிட்டுப் புதிதாகப் படம் எடுக்கப் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். நேற்றுதான் அதற்குக் கடைசி நாள்.

நேற்றுக் காலை எட்டாம் வகுப்பில் திரையில் அதைத் திறந்தேன். முந்திரிப் பாடம். பக்கத்தின் அடியில், சுவரளவு பெரிதாய், உன் கட்டைவிரல். நகத்தின் ஓரமெல்லாம் கறுப்பு.

"மிஸ், யாரு விரலு மிஸ் அது?"

"பேய் விரலுடா."

வகுப்பே சிரித்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆடி மாதம் உனக்கு மூன்று நாள் காய்ச்சல். நான்காம் நாள் வடக்குத்து ஊரில் உன் வீட்டு வாசலில் சாவுப் பந்தல். அதற்குப் பிறகு உன்னுடையது எதையும் நான் பார்க்கவில்லை. இந்த விரலைத்தான் பார்க்கிறேன்.

நம் ஆசிரியர்களே எழுதி அச்சிட்ட புத்தகம் அது. நம் வட்டாரத்து மரம் செடிகளைப் பற்றியது. மிச்சமிருப்பது ஒரே பிரதி. நாம் படித்த பள்ளியிலேயே நான் நூலகர், நீ கான்ட்ராக்டில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். மாணவர்கள் டேப்லெட்டில் படிக்க, பழைய புத்தகங்களை ஒவ்வொரு பக்கமாக நீ படம் எடுத்தாய். இறுக்கித் தைத்த பைண்டிங். கையை எடுத்தால் மூடிக்கொள்ளும்.

"எல்லாப் பக்கத்துலயும் உன் விரல் தெரியுது. மறுபடி எடு."

"புடிச்சிகினுதான் எடுக்கணும் டி. வுட்டா மூடிக்குது."

"அப்ப நகத்தையாவது சுத்தம் பண்ணிக்கிட்டு வா."

நீ சிரித்தாய். "முந்திரிக் கொட்டை கறை எந்த சோப்புக்குப் போவுது? ஒங்க அப்பா ஆபீசு குவாட்டர்ஸ் சோப்பு இருந்தா குடு."

மறுபடி எடுத்தாய். விரல்களெல்லாம் ஓரத்துக்குப் போயிருந்தன. முப்பத்தேழில் மட்டும் இரண்டு வரிகளின் மேலேயே கிடந்தது. மூன்றாம் முறையும் அப்படியே.

"வேணும்னே பண்றியா?"

"வுடு டி. ரெண்டு வரிதான மறையுது."

கோபத்தில் அன்று உன்னோடு சாப்பிடவில்லை.

நேற்று வகுப்பில் ஒரு பெண் எழுந்து, விரலுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி நூலகத்துக்கு வந்தேன். அலமாரியிலிருந்து புத்தகத்தை எடுத்து, முப்பத்தேழைத் திறந்தேன்.

பச்சை மை.

சின்னதாய் ஒரு கை வரைந்திருந்தது. ஐந்து விரல்களிலும் பச்சை அடைத்திருந்தது. அருகில் உன் பெயர். அதன்கீழே: இவள் தொட்ட புத்தகம். யாரும் தொட வேண்டாம்.

எட்டாம் வகுப்பில் நாம் இதைப் படித்தபோது பச்சை மையில் எழுதியவள் நான் ஒருத்திதான். அப்பா ஆபீசிலிருந்து கொண்டுவந்த பேனா.

எழுதியது எனக்கு நினைவில்லை. இதைச் சொல்லத்தான் உடம்பு கூசுகிறது. எட்டாம் வகுப்பில் உன்னை நான் என்ன சொல்லிக் கூப்பிட்டேன், எங்கே உட்கார்ந்தேன், எதுவும் நினைவில்லை. பத்தாம் வகுப்பிலிருந்துதான் நாம் தோழிகள். அதற்கு முன்னால் இருந்ததை நான் மறந்துவிட்டேன். நீ மறக்கவில்லை. மூன்று முறை அந்தப் பக்கத்தைத் திறந்தாய். மூன்று முறையும் விரலை அங்கே வைத்தாய். நான் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். நீ மறைத்தது உன் பெயரையா, என் கையெழுத்தையா? கேட்க முடியாது.

படத்துக்கு அடியில் அச்சில் இருந்த இரண்டு வரிகளைப் படித்தேன். "முந்திரிக் கொட்டையின் ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். உடைப்பவர்கள் கையில் சாம்பல் பூசிக்கொள்வார்கள்."

இதன் மேல்தான் வரைந்திருக்கிறேன். படித்துவிட்டு.

படித்த நாளிலும் பள்ளிக்கு வரும் முன் காலையில் உன் அம்மாவோடு உட்கார்ந்து உடைப்பாய். உன் பையில் எப்போதும் சாம்பல் வாசனை இருக்கும். அந்த வாசனை எனக்கு நினைவிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மாலையில் பக்கத்தை நீக்கவா என்று கணினி கேட்டது. வேண்டாம் என்று கொடுத்தேன். மறைந்த இரண்டு வரிகளையும் தட்டச்சு செய்து, உன் விரலுக்குக் கீழே சேர்த்தேன். இன்று காலை எட்டாம் வகுப்புக்குப் போய், அது யாருடைய விரல் என்று சொன்னேன். ஏன் அங்கே இருக்கிறது என்று அந்தப் பெண் கேட்டாள். அதையும் சொன்னேன்.