கரைக்கு வெளியே கொட்டிய கல்

மார்ச் 4
இன்றும் கையெழுத்துப் போடவில்லை. கடலுக்கடியில் கட்டும் கரையில் மூன்றாவது அடுக்குக் கல் கொட்ட, இன்ஜினியரான என் ஒப்புதல் வேண்டும். அடியில் இருப்பது கை வைத்தால் உள்ளே போகும் களிமண். பாரம் ஏற ஏற அதிலுள்ள தண்ணீர் மெதுவாகத்தான் வெளியேறும். அவசரப்பட்டால் மொத்தக் கரையும் வழுக்கிவிடும். மேனேஜருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதத்துக்கு முன்பே கரை எழும்பியாக வேண்டுமாம்.

மார்ச் 5
கரை சீராகத்தானே இறங்குகிறது, பயம் எதற்கு என்கிறார் மேனேஜர். கீழே நசுங்கும் மண் எங்கே போகிறது என்று கேட்டேன்.

மார்ச் 7
அக்கா வீட்டுக்காரர்தான் கடலுக்குள் மூழ்கிப் பார்த்துவரும் எங்கள் டைவர். மாமாவைக் கரையின் காலடிக்கு வெளியே பார்த்துவரச் சொன்னேன். மேலே வந்து முகமூடியைக் கழற்றினார். "தரை வீங்கியிருக்கும்மா. அடையாளத்துக்கு நட்டு வெச்ச கம்பெல்லாம் சாஞ்சு கெடக்கு."
நினைத்தது சரி. களிமண் பக்கவாட்டில் பிதுங்குகிறது.

மார்ச் 8
நான் கையெழுத்துப் போடாவிட்டால் வேறு ஆள் போடுவாராம். போடட்டுமே! ஆனால் கல் விழுந்ததும் கீழே இறங்கிச் சரிபார்ப்பது மாமா. அவர் மேல் சரிந்தால் — அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்? ஒத்துப்போ, ஒத்துப்போ என்கிறார்கள் எல்லோரும். முடியாது.

மார்ச் 9
செய்துவிட்டேன். மூன்றாவது அடுக்குக்கு வந்த கல் முழுவதையும் கரைக்கு வெளியே, அந்த வீக்கத்தின் மேல் கொட்டவைத்தேன். பிதுங்கும் மண்ணை அந்தப் பாரம் அமுக்கிப் பிடிக்கும். மேனேஜர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.
"கல்லை வெளிய கொட்டச் சொல்லி யாரு சொன்னா?"
"நான்தான் சார்."

மார்ச் 10
இனி நான் கரைப் பக்கமே வரக் கூடாதாம். ஆபீசில் வரைபடம் சரிபார்க்கும் வேலை. சரி. கொட்டிய கல்லை இனி யார் அள்ளுவது?

மார்ச் 30
அக்கா போனில் திட்டித் தீர்த்தாள். "உனக்கு ஏன்டி இந்த வீம்பு?"
ஏன் என்று அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் மாமாவை வேலைக்கே விடமாட்டாள்.

மே 20
புதுக் கல் வர இவ்வளவு நாளாயிற்று. களிமண் இறுகவும் அந்த அவகாசம்தான் தேவைப்பட்டது. இன்று மூன்றாவது அடுக்கு ஏறியது. கரை அசையவில்லை என்று ஆபீசுக்குத் தகவல் வந்தது. மாமா கீழே போய்ப் பார்த்துவிட்டு, மேலே வந்து, சாப்பிட வீட்டுக்குப் போனாராம். எனக்குத்தான் கண் கலங்கிவிட்டது.
ஒன்றும் ஆகவில்லையே, அன்றைக்கு எதற்கு அந்தக் கூத்து என்று மேனேஜர் ஊரெல்லாம் கேட்கிறாராம். கேட்கட்டும்.

ஜூன் 11
அடுத்த கரையின் வரைபடம் என் மேஜைக்கு வந்தது. காலடிக்கு வெளியே கல், அழகாக வரையப்பட்டிருந்தது. தயாரித்தவர் பெயர் — மேனேஜர். சிரித்து முடித்துவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தக் கல்லின் அகலம் போதாது. சிவப்புப் பேனாவால் இரண்டு மீட்டர் கூட்டித் திருப்பி அனுப்பினேன்.